சேஃப்டியா, செக்யூரிட்டியா? ‘பாதுகாப்பு’ என்று எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டியவை: ஒரு முழுமையான வழிகாட்டி

உணவைப் பற்றி நம் நாட்டில் இரண்டு முக்கியமான சட்டங்கள் உள்ளன. ஒன்று 2006ஆம் ஆண்டின் ‘ஃபுட் சேஃப்டி’ சட்டம். கோயம்பேடு சந்தையில் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழங்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரிகளும், 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில், உணவில் சேர்க்கக் கூடாத ரோடமின்-பி சாயம் கலந்திருக்கிறதா என்று மெரினா கடற்கரையில் மாதிரி எடுத்த அதிகாரிகளும் அந்தச் சட்டத்தின்கீழ்ப் பணியாற்றுபவர்கள். மற்றொன்று 2013ஆம் ஆண்டின் ‘ஃபுட் செக்யூரிட்டி’ சட்டம். நியாயவிலைக் கடையில் அரிசி பெறும் உரிமையைப் பற்றிய அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலாவது சட்டம் தட்டில் இருக்கும் உணவு கெட்டதா நல்லதா என்று பார்க்கிறது; இரண்டாவது சட்டம் தட்டில் உணவு இருக்கிறதா என்று பார்க்கிறது. ஆனால் தமிழில் இரண்டையும் ‘உணவுப் பாதுகாப்பு’ என்றே எழுதி வருகிறோம்.

இந்த மயக்கம் உணவோடு நிற்பதில்லை. ஆலைகளில் இயந்திரங்களுக்குத் தடுப்பு போட்டிருக்கிறதா என்று ஆய்வு செய்யும் மாநில அரசின் இயக்ககத்திற்கும், துறைமுக வாயிலில் துப்பாக்கியுடன் நிற்கும் மத்தியப் படைக்கும் ‘தொழிலகப் பாதுகாப்பு’ என்ற ஒரே தொடர்தான் பெயரில் இடம்பெறுகிறது. அம்பத்தூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ‘சேஃப்டி ஆபீஸர்’ வேலைக்கும் ‘செக்யூரிட்டி ஆபீஸர்’ வேலைக்கும் விண்ணப்பம் எழுதும் இளைஞர், செய்தியை மொழிபெயர்க்கும் துணையாசிரியர், அரசுத் தேர்வுக்குப் படிப்பவர், குடியிருப்போர் சங்கத்திற்குச் சுற்றறிக்கை தயாரிக்கும் செயலாளர் ஆகிய எல்லோருக்கும் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிவது அன்றாடத் தேவையாக இருக்கிறது. அதற்கான வழியைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

முதல் படி: சொற்களின் வேரைப் பார்த்தல்

‘சேஃப்’ என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்த இலத்தீன் சொல். மூலச்சொல் ‘சால்வுஸ்’, ஊறுபடாதது, குறைவின்றி முழுதாக இருப்பது என்று அதற்குப் பொருள். நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ‘சர்வம்’ அந்தச் சொல்லுக்கு உறவுமுறைச் சொல் என்பது மொழியியலார் ஏற்றுக்கொண்ட செய்தி. ஆகவே ஒருவர் ‘சேஃப்’ என்றால், அவர் உடல் முழுதாக, சேதமின்றி இருக்கிறது என்பதே அடிப்படைப் பொருள்.

‘செக்யூர்’ வேறு வழியில் வந்தது. ‘ஸே’ என்றால் இன்றி, ‘கூரா’ என்றால் கவலை. கவலையின்றி இருப்பது ‘செக்யூருஸ்’. அதனால்தான் 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘செக்யூரிட்டி’ என்பதற்கு, வரவிருக்கும் ஆபத்தை எண்ணாத அலட்சியம் என்ற பொருளும் வழங்கியது. இதே இலத்தீன் சொல் பிரெஞ்சில் தேய்ந்து ஆங்கிலத்தில் ‘ஷ்யூர்’ என்றும் ஆனது. உறுதி என்று நாம் சொல்லும் அந்த ‘ஷ்யூர்’, ‘செக்யூர்’ இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் இது நமக்குப் பெரிதும் உதவும்.

இரண்டாம் படி: ஆபத்துக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறாரா என்று கேட்டல்

பத்தில் எட்டு இடங்களில் இந்த ஒரு கேள்வியே விடையைத் தந்துவிடும் என்பது என் கருத்து. தீ, வெள்ளம், பழுதான இயந்திரம், கவனக்குறைவு, கெட்டுப்போன உணவு என்று யாருடைய தீய எண்ணமும் இல்லாமல் வரும் ஆபத்தைத் தடுப்பது சேஃப்டி. திருடன், கடத்தல்காரன், உளவாளி, நாசவேலைக்காரன் என்று ஒருவர் வேண்டுமென்றே செய்யக்கூடிய தீங்கைத் தடுப்பது செக்யூரிட்டி.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஒரு பயணியின் பையைத் திறந்து பாருங்கள். அதில் ஒரு பவர் பேங்க் இருக்கிறது, ஒரு காய்கறிக் கத்தி இருக்கிறது. பவர் பேங்கைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். ஏனென்றால் லித்தியம் பேட்டரி தானாகவே தீப்பற்றக்கூடியது, பயணிகள் பகுதியில் என்றால் உடனே அணைக்கலாம், சரக்கறையில் பற்றினால் யாராலும் எட்ட முடியாது. கத்தியைக் கைப்பையில் வைக்கக் கூடாது, சரக்கறைப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஏனென்றால் கத்தி தானாக யாரையும் குத்தாது, அதை எடுக்கும் கையைத்தான் அஞ்ச வேண்டும். ஒரே பைக்கு நேரெதிரான இரண்டு விதிகள். முதலாவது சேஃப்டி விதி, இரண்டாவது செக்யூரிட்டி விதி.

விமானத் துறை இந்த வேறுபாட்டை அமைப்பளவிலேயே பிரித்து வைத்திருக்கிறது. விமானங்களின் தகுதி, விமானிகளின் உரிமம் முதலிய சேஃப்டி விஷயங்களை விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. கவனிக்கிறது. செக்யூரிட்டிக்குப் பி.சி.ஏ.எஸ். என்ற தனி அமைப்பு உண்டு. 1976இல் நடந்த ஒரு விமானக் கடத்தலுக்குப் பிறகு 1978இல் அது டி.ஜி.சி.ஏ.வுக்குள் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டது. 1985இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்ட பின், 1987 ஏப்ரல் 1 முதல் தனித் துறையானது. கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்கும் இது பழக்கமான பிரிவுதான்: 1998இல் நடைமுறைக்கு வந்த ஐ.எஸ்.எம். விதித்தொகுப்பு சேஃப்டி மேலாண்மைக்கு. 2004இல் வந்த ஐ.எஸ்.பி.எஸ். விதித்தொகுப்பு கப்பல், துறைமுகச் செக்யூரிட்டிக்கு.

ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாத நிலையில் என்ன செய்வது? 2024 அக்டோபர் 11 அன்று இரவு சென்னைக்கு அருகிலுள்ள கவரைப்பேட்டை நிலையத்தில், மைசூருவிலிருந்து தர்பங்காவுக்குச் சென்ற பாக்மதி எக்ஸ்பிரஸ், கிளைத் தடத்தில் நின்றிருந்த சரக்கு ரயிலின் மீது மோதியது. கோளாறா, சதியா என்ற கேள்வி அன்றே எழுந்தது. ரயில் சேஃப்டிக்கான ஆணையர் விசாரணை நடத்தினார். நாசவேலைக் கோணத்தைப் பார்க்க என்.ஐ.ஏ. அதிகாரிகளும் இடத்துக்கு வந்தார்கள். இதுபோன்ற செய்தியில், விசாரணை முடியும் முன்பே எழுதுபவர் ‘செக்யூரிட்டி குறைபாடு’ என்று எழுதினால் சதி என்று தீர்ப்பளித்துவிடுகிறார். ‘சேஃப்டி குறைபாடு’ என்று எழுதினால் சதியில்லை என்று தீர்ப்பளித்துவிடுகிறார். அப்போது ‘விபத்துக்கான காரணம்’ என்று மட்டும் எழுதுவதே நேர்மையானது.

மூன்றாம் படி: ஒரு கதவை வைத்துச் சோதித்தல்

இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று துணை என்று நினைப்பது இயல்பு. பல நேரங்களில் அவை எதிரெதிராக இழுக்கின்றன என்பதைக் கண்டால்தான் வேறுபாடு மனத்தில் நன்றாகப் பதியும். அதற்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள எந்த மென்பொருள் அலுவலகத்தின் கதவும் போதும்.

அடையாள அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவுகளில் மின்பூட்டு இருக்கும். அந்தப் பூட்டைப் பொருத்துபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “ஃபெயில் சேஃப் வேண்டுமா, ஃபெயில் செக்யூர் வேண்டுமா?” என்பது. மின்சாரம் நின்றால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும் வகை ஃபெயில் சேஃப். மின்சாரம் நின்றாலும் வெளியிலிருந்து திறக்க முடியாதபடி பூட்டியே நிற்கும் வகை ஃபெயில் செக்யூர். நூறு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் கூடத்திலிருந்து மாடிப்படிக்குப் போகும் கதவில் காந்தப்பூட்டு இருந்தால், அது முதல் வகையாக இருக்க வேண்டும். தீப்பிடித்து மின்சாரம் போனால் கதவு விட்டுக்கொடுத்துவிட வேண்டும், மக்கள் வெளியேற வேண்டும். வாடிக்கையாளர் தகவல்கள் இருக்கும் சர்வர் அறையின் கதவு பெரும்பாலும் இரண்டாம் வகை. மின்தடையைப் பயன்படுத்தி ஒருவர் உள்ளே நுழைந்துவிடக் கூடாது. அந்த அறைக்குள்ளும் ஆள் இருக்கக்கூடும் என்பதால், உள்ளிருந்து கைப்பிடியைத் திருகினால் எப்போதும் திறக்கும் அமைப்பைச் சேர்த்தே பொருத்துகிறார்கள். அதாவது வெளிப்பக்கம் செக்யூரிட்டி, உட்பக்கம் சேஃப்டி. ஒரே கதவுப் பலகையின் இரண்டு முகங்களில் இரண்டு சொற்களும் எழுதப்பட்டிருக்கின்றன என்றே சொல்லலாம்.

இந்த இழுபறியில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வருத்தத்துடன் நினைக்க வேண்டிய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, கடத்தல்காரர்கள் நுழையாதிருக்க, விமானி அறைக் கதவுகள் உலகெங்கும் வலுப்படுத்தப்பட்டன. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தில், தலைமை விமானி வெளியே சென்ற நேரத்தில் துணை விமானி அந்தக் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, ஆல்ப்ஸ் மலையில் விமானத்தை வேண்டுமென்றே மோதவிட்டார். 150 பேரும் இறந்தார்கள். செக்யூரிட்டிக்காக வைத்த கதவு சேஃப்டியைப் பறித்தது.

நம் வீடுகளிலும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். திருடனுக்கு அஞ்சிப் பால்கனி முழுவதும் இரும்புக் கம்பி அடைத்து, மாடிப்படிக் கதவுக்குச் சங்கிலிப் பூட்டுப் போடும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் சென்னையில் ஏராளம். அவை செக்யூராக இருக்கின்றன. சேஃபாக இருக்கின்றனவா என்பதைத் தீயணைப்புத் துறையினரைக் கேட்டால் தெரியும்.

நான்காம் படி: ‘ஆள்’ சோதனை தவறும் இடங்களை அறிதல்

இரண்டாம் படியில் சொன்ன விதியை இயந்திரம்போல் பயன்படுத்தினால் ஓரிடத்தில் இடறும். பெண்களுக்கு நேரும் தீங்கு முழுக்க முழுக்க மனிதர்கள் வேண்டுமென்றே செய்வது. அப்படியிருந்தும் ஆங்கிலத்தில் ‘விமன்ஸ் சேஃப்டி’ என்றே எழுதுகிறார்கள். குழந்தைகள் விஷயத்திலும் ‘சைல்டு சேஃப்டி’தான். இங்கே முதல் படியில் பார்த்த வேர்ப்பொருளுக்குத் திரும்ப வேண்டும். சேஃப்டி என்பது காக்கப்படுபவரின் நிலை: அவர் முழுதாக, ஊறின்றி இருக்கிறாரா என்பது. செக்யூரிட்டி என்பது தீங்கு நினைப்பவரை எதிர்நோக்கிச் செய்யப்படும் ஏற்பாடு. பேச்சின் மையம் அந்தப் பெண்ணாக இருக்கும்போது சேஃப்டி. மையம் காவலாக இருக்கும்போது செக்யூரிட்டி.

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் கடைசி மின்சார ரயிலில், மகளிர் பெட்டியில் ஒரு காவலர் ஏறி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அங்கே நிற்பது செக்யூரிட்டி. அந்தப் பெட்டியில் பயணம் செய்த பெண் எந்தத் தொல்லையும் இல்லாமல் வீடு சேர்வது சேஃப்டி. முதலாவது இருந்தும் இரண்டாவது கிடைக்காமல் போகலாம் என்பதால்தான், இந்தப் பொருளில் எழுதும்போது சொல்லை அளந்து எடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்: காவலர்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் பெண்களின் சேஃப்டி உயர்ந்துவிட்டது என்று முடிக்கும் வாக்கியம், காட்டாத ஒன்றைக் காட்டியதாகச் சொல்கிறது.

இணையத்திலும் இதே கோடுதான். நிறுவனத்தின் கணினிகளை ஊடுருவாமல் காப்பது ‘சைபர் செக்யூரிட்டி’. பிள்ளைகள் இணையத்தில் மிரட்டலுக்கோ ஆபாசத்திற்கோ ஆளாகாமல் இருப்பது ‘ஆன்லைன் சேஃப்டி’. 2023இல் பிரிட்டன் இயற்றிய சட்டத்தின் பெயரும் அதுவே.

ஐந்தாம் படி: செக்யூரிட்டியின் மற்றொரு பொருளைத் தனியே பிரித்தல்

தமிழ் எழுத்தில் மிகுதியான குழப்பம் நிகழ்வது இங்கேதான். ‘ஜாப் செக்யூரிட்டி’, ‘சோஷியல் செக்யூரிட்டி’, ‘எனர்ஜி செக்யூரிட்டி’, ‘வாட்டர் செக்யூரிட்டி’ ஆகிய தொடர்களில் திருடனும் இல்லை, காவலனும் இல்லை. இன்று இருப்பது நாளையும் இருக்கும், தேவைப்படும்போது கிடைக்கும் என்ற உறுதிதான் அங்கே பொருள். ‘ஷ்யூர்’ என்ற சொல்லின் உறவு வெளிப்படும் இடம் இது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தண்ணீரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. குழாயில் தண்ணீர் வராமல், குடங்களுடன் லாரிக்காகக் காத்திருந்தார்கள் மக்கள். அப்போது நகரம் இழந்தது வாட்டர் செக்யூரிட்டியை. வீராணம் ஏரியிலிருந்து குழாய் பதித்ததும், மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீர்க் குடிநீராக்கும் நிலையங்களை அமைத்ததும் அந்த உறுதிக்காகச் செய்யப்பட்டவை. மழைக்காலத்தில் நிலைமை தலைகீழாகும். தெருவெல்லாம் தண்ணீர், ஆனால் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிடுகிறது. குளோரின் போட வேண்டும், காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று அறிவிக்கிறார்கள். அது வாட்டர் சேஃப்டி. தண்ணீர் இல்லாதபோது ஒரு சொல், இருக்கும் தண்ணீரைக் குடிக்க முடியாதபோது மற்றொரு சொல்.

உணவுக்கும் இந்த அளவுகோலே பொருந்தும். 1996இல் ரோம் நகரில் நடந்த உலக உணவு மாநாடு, எல்லா மக்களுக்கும் எல்லா நேரத்திலும் போதுமான, தீங்கற்ற, சத்துள்ள உணவு கிடைக்கக்கூடிய நிலையையே ஃபுட் செக்யூரிட்டி என்று வரையறுத்தது. அந்த வரையறைக்குள்ளேயே ‘சேஃப்’ என்ற சொல் ஓர் உறுப்பாக இடம்பெற்றிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்: நஞ்சு கலந்த உணவு எவ்வளவு கிடைத்தாலும் ஃபுட் செக்யூரிட்டி ஆகாது. ஆனால் தூய்மையான உணவு ஒருவேளை கிடைத்துவிட்டதால் மட்டும் அது வந்துவிடுவதும் இல்லை.

பணம் சார்ந்த பொருளும் இதே கிளையில் முளைத்ததுதான். கடனுக்கு ஈடாக வைக்கும் நகையோ நிலமோ ‘செக்யூரிட்டி’; கடன் கொடுத்தவருக்கு அது தரும் உறுதியால் அந்தப் பெயர். பங்குகளும் கடன் பத்திரங்களும் ‘செக்யூரிட்டீஸ்’. வீட்டு வாடகைக்கு நாம் ‘அட்வான்ஸ்’ என்று கொடுப்பதை ஒப்பந்தத்தில் ‘செக்யூரிட்டி டெபாசிட்’ என்று எழுதுகிறார்கள். சேஃப்டிக்கு இந்தப் பொருள்கள் எதுவும் கிடையாது.

ஆறாம் படி: இலக்கணத்தையும் கூட்டாளிச் சொற்களையும் சரிபார்த்தல்

இது சுருக்கமான படி. ‘செக்யூர்’ வினைச்சொல்லாகவும் வரும். கயிற்றைச் செக்யூர் செய்யலாம், கடனைச் செக்யூர் செய்யலாம், ஒப்பந்தத்தையும் செக்யூர் செய்யலாம். ‘சேஃப்’ வினையாக வராது. அந்த வேலையை ‘சேவ்’, ‘சேஃப்கார்டு’ ஆகியவை செய்கின்றன. வண்டியை ‘சேஃப்லி’ ஓட்ட வேண்டும், ஹெல்மெட் வாரை ‘செக்யூர்லி’ மாட்ட வேண்டும். ‘சேஃப்’ பெயர்ச்சொல்லாக வந்தால் பணம் வைக்கும் இரும்புப் பெட்டி. தீங்கு செய்யாதது என்ற பொருளும் ‘சேஃப்’ ஒன்றுக்கே உண்டு: மருந்து ‘சேஃப்’ ஆக இருக்கலாம், ‘செக்யூர் மருந்து’ என்று யாரும் சொல்வதில்லை. பின், வால்வு, ஹெல்மெட், பெல்ட், நெட் ஆகியவை சேஃப்டியோடு சேரும். கார்டு, செக், கிளியரன்ஸ், கவுன்சில் ஆகியவை செக்யூரிட்டியோடு சேரும்.

ஏழாம் படி: தமிழில் எந்தச் சொல் என்று முடிவு செய்தல்

பொருள் பிரிந்துவிட்டது, இனி எழுத வேண்டும். ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை விலக்க வேண்டியதில்லை. ஒரே கட்டுரையில் இரண்டு ஆங்கிலப் பொருள்களும் வரும்போதோ, பெயரைப் பார்த்து வாசகர் தவறாக எண்ண வாய்ப்பிருக்கும்போதோ மட்டும் துல்லியமான சொல்லைத் தேட வேண்டும். அவை நம் பேச்சிலேயே இருக்கின்றன. “பத்திரமாகப் போய் வா” என்று சொல்லும் தாய், சேஃப்டியைச் சொல்கிறாள். “போலீஸ் பந்தோபஸ்து”, “காவல் போட்டிருக்கிறார்கள்” என்று சொல்பவர் செக்யூரிட்டியைச் சொல்கிறார். வேலை உறுதித் திட்டம் என்று பெயர் வைத்தபோது, கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு ‘உறுதி’ என்ற சொல் நன்றாகவே பொருந்தியது. ஆகவே ஐந்தாம் படியில் பார்த்த தொடர்களுக்கு ‘உணவு உறுதி’, ‘நீர் உறுதி’, ‘பணி உறுதி’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. சட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரை மட்டும் உள்ளபடியே எழுதி, அடுத்த வாக்கியத்தில் பொருளைத் தெளிவாக்கிவிடுங்கள். கடனுக்கு வைப்பது பிணை அல்லது ஈடு.

பயிற்சிக்கு, நாளிதழ் மொழிபெயர்ப்பில் அடிக்கடி வரும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். ரயில்வேயில் ‘சேஃப்டி கமிஷனர்’ என்பவர் ஒருவர். புதிய தடத்தைத் திறப்பதற்கு முன் ஆய்வு செய்து சான்று தருபவர், விபத்தை விசாரிப்பவர். அவருடைய ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின்கீழ் இல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் இருக்கிறது. ரயில்வேயைச் சாராமல் ஆராய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ரயில்வே பாதுகாப்புப் படையிலோ ‘செக்யூரிட்டி கமிஷனர்’ என்ற பதவி உண்டு. அவர் சீருடை அணிந்த படை அதிகாரி. இருவரையும் ‘பாதுகாப்பு ஆணையர்’ என்று எழுதினால், சிக்னல் கோளாறைப் பற்றிக் கருத்துச் சொன்னவர் யார், டிக்கெட் மோசடிக் கும்பலைப் பிடித்தவர் யார் என்று வாசகருக்குத் தெரியாமல் போகும். முதலாமவரை ‘ரயில் இயக்கப் பாதுகாப்பு ஆணையர்’ என்றும், இரண்டாமவரை ‘ரயில்வே பாதுகாப்புப் படை ஆணையர்’ என்றும் எழுதினால், ஒரு சொல் கூடுகிறது, குழப்பம் தீர்கிறது.

‘சேஃப்டி அண்டு செக்யூரிட்டி’ என்று இரண்டும் சேர்ந்தே வரும்போது, ‘பாதுகாப்பும் பாதுகாப்பும்’ என்று எழுத முடியாது என்பதால் பலரும் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். குடியிருப்போர் சங்கச் சுற்றறிக்கையில் அந்தத் தொடர் வந்தால், லிஃப்ட் பராமரிப்பு, மின்கசிவுச் சோதனை, தீயணைப்பான் ஆகியவற்றை ‘விபத்துத் தடுப்பு’ என்ற தலைப்பிலும், வாயிற்காவல், கேமரா, வருகைப் பதிவேடு ஆகியவற்றை ‘காவல் ஏற்பாடு’ என்ற தலைப்பிலும் பிரித்து எழுதுங்கள். மாடிப்படிக் கதவின் பூட்டு மட்டும் இரண்டு தலைப்புகளிலும் இடம்பெற வேண்டும். சாவி யாரிடம் இருக்கும், உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்குமா என்பதை அங்கேயே எழுதிவிட வேண்டும்.